பின்வளவுப் பயற்றங்கன்றை முயல் தின்னாமல் காக்க

கனடாவில் மே மாதம் வருகிற விக்டோரியா டே விடுமுறையில் கன்று நட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பயற்றங்கன்று வரிசையில் வெறும் குச்சிதான் நிற்கும். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் பின்வளவில் தோட்டம் வைக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை.

முதலில் முயல்தானா என்று பாருங்கள். தண்டு கத்தியால் சரித்து வெட்டினது மாதிரி இருந்து, பக்கத்தில் பட்டாணி அளவில் உருண்டைப் புழுக்கையும் கிடந்தால் முயல்தான். மானுக்கு மேல்வாயில் முன்பல் இல்லாததால் அது கடித்த இடம் பிய்ந்து நார் நாராக நிற்கும்.

மிளகாய்த்தூள் கரைசல், தலைமுடி, சோப்பு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நானும் மிளகாய்த்தூள் தெளித்தேன், ஒரே மழையில் கழுவிக்கொண்டு போய்விட்டது. கம்பி வலைதான் ஒரே வழி. கண் 1 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பெரிய கண் என்றால் குட்டி நுழைந்துவிடும். பிளாஸ்டிக் வலையைக் கடித்து அறுத்துவிடும், அதில் காசைப் போடாதீர்கள். உயரம் 2 அடி போதும். எல்லாரும் கோட்டை விடுவது அடியில்தான். 3 அடி அகல வலை வாங்கி, கீழே ஒரு அடியை வெளிப்பக்கமாக மடித்துப் படுக்கவைத்து மேலே மண்ணோ கல்லோ போடுங்கள், முயல் வேலியோரம் வந்து தோண்டினால் காலுக்கடியில் வலைதான் இருக்கும். அப்புறம், படலைக்குக் கீழே இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

வலை பற்றாவிட்டால் பயற்றை, கீரை, பீட்ரூட், கரட்டை உள்ளே வையுங்கள். தக்காளி, வெங்காயம், உள்ளி வெளியே நிற்கலாம், அவற்றை அவ்வளவாகத் தொடாது.

குளிர்காலத்தில் ஆப்பிள், பேரிக் கன்றுகளின் பட்டையைக் கொறிக்கும். சுற்றிவரப் பட்டை போனால் இலை செய்கிற உணவு வேருக்கு இறங்காமல் மரமே பட்டுவிடும். நவம்பரிலேயே கால் அங்குலக் கண் வலையைக் குழாய் மாதிரிச் சுற்றுங்கள். பனி குவிந்தால் முயல் அதன்மேல் ஏறி நின்று கொறிக்கும், அதனால் வழக்கமாகப் பனி நிற்கும் உயரத்துக்கு மேலே இன்னும் 2 அடி வலை இருக்க வேண்டும்.

வேலியை மூடுவதற்கு முன், புல்லுக்குள் ரோமம் பரப்பின சின்னப் பள்ளம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுதான் முயல் குட்டி போட்ட கூடு. தாயைக் காணவில்லை என்று குட்டிகளைத் தூக்கிவிடாதீர்கள், அது விடியலிலும் பொழுது சாயும்போதும் மட்டும்தான் பால் கொடுக்க வரும். மூன்று கிழமையளவில் குட்டிகள் தாமாகவே போய்விடும், அதுவரை அந்த மூலையில் புல் வெட்டாமல், வேலி அடிக்காமல் விடுங்கள்.