கம்யூனிட்டி காலேஜில் படித்துக்கொண்டே ஆராய்ச்சிக்குள் நுழைய

நியூ ஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் உயிரியல் லேப் எடுக்கிறேன். "ரெண்டு வருஷக் காலேஜ்தானே, அங்கே என்ன ஆராய்ச்சி?" என்று கோயிலில் பார்க்கும் நம்மூர்ப் பெற்றோர் கேட்பார்கள். வழி இருக்கிறது. தேதிதான் பலருக்குத் தெரிவதில்லை: கோடைக்கால வாய்ப்புகளுக்குக் குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரலில் வந்து கேட்டால் நான் கையைத்தான் விரிக்க முடியும்.

முதலில் உங்கள் காலேஜிலேயே ஆராய்ச்சி கலந்த வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மாணவர்களே மண்ணில் வைரஸ் தேடும் சீ-ஃபேஜஸ் (SEA-PHAGES) என்ற வகுப்புத் திட்டம் 2008இல் தொடங்கியது; சில கம்யூனிட்டி காலேஜ்களிலும் நடக்கிறது. வீட்டுத் தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்து, கரைத்து வடிகட்டி, பாக்டீரியாவோடு சேர்த்துத் தட்டில் ஊற்றுவார்கள். ஓரிரு நாளில் வெளிறிய படலம் படரும். அதன் நடுவே ஊசி குத்தினாற்போல் தெளிந்த புள்ளி தெரிந்தால், அங்கே பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்த மாணவரே பெயரும் வைக்கலாம். விண்ணப்பத்தில் எழுத இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் கோடை. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை மாணவர்களுக்காக நடத்தும் ஆர்.இ.யூ. (REU) ஆராய்ச்சித் திட்டத்தில் சுமார் 10 வாரம், உதவித்தொகையோடு, பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை. ஆராய்ச்சி வசதி குறைந்த கல்லூரிப் பிள்ளைகளையும் எடுக்கச் சொல்லி அறக்கட்டளையே வலியுறுத்துகிறது. காலேஜ் பெயரைச் சொல்லக் கூச வேண்டாம். எரிசக்தித் துறையின் சி.சி.ஐ. (CCI) பயிற்சித் திட்டம் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்றே உள்ளது. ஆர்கான், புரூக்ஹேவன் போன்ற தேசிய ஆய்வகங்களில் நடக்கும். இரண்டுக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது மேலே சொன்ன வகுப்பைத்தான். அதில் சேர என்ன விசா என்று கேட்பதில்லை.

பரிந்துரைக் கடிதத்தைக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். லேப் நோட்டையும் எடுத்து வாருங்கள். "நல்ல மாணவி" என்று நான் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். "தட்டில் பூஞ்சை பிடித்தபோது காரணத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்தாள்" என்று எழுத நோட்டில் ஏதாவது இருக்க வேண்டும். உங்கள் கட்டுரையிலும் "சின்ன வயசிலிருந்தே அறிவியல் பிடிக்கும்" என்பதை அடித்துவிட்டு, கையால் செய்ததை எழுதுங்கள்.

இடம் கிடைத்ததும், ஏற்பதற்கு முன் தங்குமிடம் தருகிறார்களா என்று கேளுங்கள். கடையில் பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் அந்தச் சம்பளத்தையும் உதவித்தொகையையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.