கேட்ச் விடாம பிடிக்கிறது எப்படி? செம்மண் கிரவுண்டு பசங்களுக்கு ஒரு செய்முறை

ஞாயித்துக்கிழமை காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர்னு எந்தப் பொட்டல் பக்கம் போனாலும் கிரிக்கெட் மேட்ச் ஓடிட்டுருக்கும். பேட்டிங்குக்கு ஐடியா சொல்ல ஆயிரம் பேரு வருவாங்க, ஆனா கேட்ச் எப்படிப் பிடிக்கணும்னு யாரும் உக்காந்து சொல்லித் தர்றதில்ல, விட்டா மட்டும் மொத்த டீமும் சேர்ந்து திட்டும். என்னைக் கேட்டா கேட்ச்ங்கிறது கண்ணும் காலும் பண்ற வேலை, கை கடைசியாத்தான் வருது. அதனால அந்த வரிசையிலயே போவோம்.

முதல்ல நிக்கிற விதம். பௌலர் ஓடி வரும்போது நீங்களும் ரெண்டு மூணு அடி முன்னாடி நடந்து வாங்க, பேட்ல பால் படுற நேரத்துல கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு விரிஞ்சு, முழங்கால் லேசா மடங்கி, உடம்பு வெயிட்டு பாதத்தோட முன்பக்கம் இருக்கணும். குதிகால்ல நின்னுட்டு இடுப்புல கை வச்சு வேடிக்கை பார்த்தா பால் உங்களைத் தாண்டுன பிறகுதான் உடம்பே நகரும்.

ரெண்டாவது கை. நெஞ்சுக்குக் கீழ வர்ற பாலுக்கு ரெண்டு சுண்டுவிரலும் ஒட்டி இருக்கணும், விரல் நுனி தரையைப் பார்க்கணும். நெஞ்சுக்கு மேல வந்தா அப்படியே தலைகீழ், கட்டைவிரல் ரெண்டும் ஒட்டி விரல் வானத்தைப் பார்க்கணும், இதைத்தான் ரிவர்ஸ் கப்னு சொல்றாங்க. குழப்பம் வர்றது சரியா நெஞ்சுக்கு நேரா வர்ற பால்லதான், அப்போ முழங்காலை மடக்கிக் கொஞ்சம் இறங்குங்க, பால் மூஞ்சி உயரத்துக்கு வந்துடும், ரிவர்ஸ் கப்ல பிடிச்சுடலாம். எப்படிப் பிடிச்சாலும் விரல் நுனியைப் பாலுக்கு நேரா மட்டும் நீட்டாதீங்க, விரல் பிசகுறது பெரும்பாலும் அப்படித்தான்.

இப்போ முக்கியமான விஷயம், பால் கையில எந்த இடத்துல படுது? இதைக் கண்டுபிடிக்க நம்ம ஊர் மண்ணே போதும். டென்னிஸ் பாலை லேசா நனைச்சு செம்மண்ல நல்லா உருட்டுங்க, கையைத் தொடைச்சுக் காய வச்சுட்டு ஃப்ரெண்டைத் தூக்கிப் போடச் சொல்லிப் பிடிங்க, பிடிச்சதும் உள்ளங்கையைப் பாருங்க. சிவப்புக் கறை விரல்கள் ஆரம்பிக்கிற இடத்துல இருந்தா நல்ல கேட்ச், விரல் தானா மூடிக்கும். மணிக்கட்டுப் பக்கம் இருக்கிற தடிச்ச சதையில இருந்தா அந்த பால் இந்தத் தடவை நின்னாலும் அடுத்த தடவை தெறிச்சு வெளிய போகும், ஏன்னா அங்க மடங்குறதுக்கு விரலே கிடையாது. ஒரு கையில மட்டும் கறை இருந்தா நீங்க பாலுக்கு நேரா வரலைன்னு அர்த்தம், அது கால் பண்ண தப்பு. கையைக் கழுவிட்டுத் திரும்பத் திரும்பப் பண்ணுங்க, கறை தானா மேல ஏறி வரும்.

பால் பட்டதும் கையை உடம்பு பக்கம் இழுத்துக்கணும். மாடியில இருந்து ஒருத்தர் தண்ணிக் குடத்தை இறக்கிக் குடுத்தா கையோட சேர்ந்து இறங்கித்தானே வாங்குவோம், அதேதான். ஸ்டிச் பால், அதாவது தையல் போட்ட லெதர் பால், 155.9 கிராம்ல இருந்து 163 கிராம் வரைக்கும் வெயிட்டு, கையை விறைப்பா வச்சா வலியும் மிச்சம், கேட்ச்சும் போச்சு. டென்னிஸ் பால் அதுல பாதிகூட இருக்காது ஆனா துள்ளும், அதனால அதுக்கு விரலைச் சட்டுனு மூடணும்.

ஹை கேட்ச்லதான் நிறைய பேருக்கு உதறும். கையை விரிச்சுக்கிட்டே ஓடாதீங்க, வேகம் குறையும், முதல்ல பால் விழப்போற இடத்துக்கு ஓடுங்க, நின்னுட்டு அப்புறம் கையைத் தூக்குங்க. கண் உயரத்துல பிடிங்க, விட்டாலும் நெஞ்சுல தட்டி ரெண்டாவது சான்ஸ் கிடைக்கும். தலைக்கு மேல பின்னாடி போற பாலுக்கு முதுகுப்பக்கமா தத்தித் தத்திப் போனா விழுந்துடுவீங்க, திரும்பி ஓடுங்க. 1983 வேர்ல்டு கப் ஃபைனல்ல மதன் லால் பௌலிங்ல வெஸ்ட் இண்டீஸ் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடிச்ச பாலை கபில் தேவ் பின்னாடி ஓடிப் பிடிச்ச வீடியோ கிடைக்கும், கையைப் பார்க்காம காலை மட்டும் பாருங்க. அப்புறம் ரெண்டு பேரு ஒரே பாலுக்கு ஓடினா ஒருத்தர் "எனக்கு! எனக்கு!"ன்னு கத்தணும், கூச்சப்பட்டா மண்டை மண்டையில முட்டும். சாயங்கால வெயில் கண்ணுல அடிச்சா ஒரு கையைத் தூக்கிச் சூரியனை மறைச்சுக்கங்க.

ஸ்லிப் (பேட்ஸ்மேனுக்குப் பின்னாடி, கீப்பருக்குப் பக்கத்துல நிக்கிற இடம்) பத்தி ரொம்ப இல்ல, டென்னிஸ் பால் மேட்ச்ல யாரும் நிறுத்துறதில்ல. நின்னா கையைத் தாழ்வா வைங்க, கீழ இருந்து மேல தூக்குறது சுலபம், மேல இருந்து இறக்குறதுக்குள்ள பால் போயிடும். இந்தியாவுக்கு ஆடுன ஏக்நாத் சோல்கர் ஹெல்மெட் இல்லாம ஷார்ட் லெக்ல, அதாவது பேட்ஸ்மேனுக்கு ரொம்பக் கிட்ட, நின்னவர், மொத்தம் 27 டெஸ்ட்ல 53 கேட்ச் பிடிச்சவர், அது நமக்கு வேணாம்.

ஆள் கிடைக்கலைன்னா சுவர் போதும். மூணு நாலு அடி தள்ளி நின்னு டென்னிஸ் பாலை அடிச்சு முதல்ல ரெண்டு கையால, அப்புறம் வலது, அப்புறம் இடது. பெரிய வீட்டு முகப்புச் சுவத்துல மட்டும் அடிக்காதீங்க, அந்த வழவழ சுண்ணாம்புப் பூச்சுல செம்மண் பால் பட்டா வட்டம் வட்டமா கறை விழும், ஆச்சி சும்மா விடமாட்டாங்க. வீடுதான் ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுதே, பின்கட்டுப் பக்கம் போங்க. பழகினதும் ஃப்ரெண்டு உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு சுவத்துல அடிக்கட்டும், எந்தப் பக்கம் வரும்னு தெரியாம பிடிக்கும்போதுதான் கண்ணு வேலை செய்யும்.

இதெல்லாம் டென்னிஸ் பால்ல ஓரளவு வந்த பிறகு ஸ்டிச் பாலுக்குப் போங்க, அதுவும் முதல்ல கிட்ட இருந்து மெதுவா போடச் சொல்லி. விரல் வீங்கினா ஐஸ் வச்சுட்டு அன்னைக்கு நிப்பாட்டிடுங்க, மடக்கவே முடியலைன்னா யாரையும் இழுத்துவிடச் சொல்லாம எக்ஸ்ரே எடுத்துடுங்க.