எண்ணெய்க் கசிவு: வீட்டுக்குள் நடக்கும் தவறுகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பெட்ரோலிய எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, எல்லார் கண்ணிலும் பட்டவை கறுத்துப்போன படகுகளும் வலைகளும்தான். ஆனால் அந்த எண்ணெய் வெள்ளத்தோடு சேர்ந்து குப்பங்களில் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. கறை பிடித்த சுவரைத் தேய்த்தது யார், அந்தத் தரையில் தவழ்ந்தது யார்? இதை யாரும் கேட்காததுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்து கிளைத்தவை.

கடலுக்குப் போனவர்களும் எண்ணெய் அள்ளியவர்களும் மட்டுமே பாதிக்கப்பட்டவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையில் கெட்டியான எண்ணெய் ஒதுங்கியது. வாளி வாளியாக அதை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. அள்ளியவர்கள் கழற்றிப் போட்ட சட்டையும் கைலியும் எந்த வாளியில் ஊறின என்பதை எந்தப் படமும் காட்டவில்லை. பிள்ளையின் பள்ளிச் சீருடையோடு சேர்த்து அவற்றை ஊறவைத்தால், அந்த எண்ணெய் பிள்ளையின் தோலுக்குத்தான் போகும். எண்ணெய் பட்ட துணியை வாசலுக்கு வெளியே கழற்றித் தனி மூட்டையாகக் கட்ட வேண்டும். கையுறை இல்லாமல் துவைக்கக் கூடாது. ரொம்பவும் ஊறிப்போனதைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் கொளுத்தக் கூடாது, அந்தப் புகை இன்னும் மோசம். கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் மணிக்கணக்காகக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கோ உடம்பு முழுவதுமே எண்ணெய் பட்ட இடம்தான். படகை வைத்து எடுக்கும் பாதிப்புக் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள், ஏனென்றால் அவர்களிடம் படகு கிடையாது.

தோலில் ஒட்டியதை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்ப்பது கரையோர வழக்கம். தார் போன்ற பிசின் சட்டென்று விடுவதால் இதுதான் சரி என்று தோன்றும். உண்மையில் மண்ணெண்ணெய் தோலின் காப்புப் பசையைக் கரைத்துவிடுகிறது, தானும் உள்ளே இறங்குகிறது. பெட்ரோலும் தின்னரும் இன்னும் கேடு. குழந்தையின் மெல்லிய தோலில் அதைத் தேய்ப்பதை நினைத்தாலே பதறுகிறது. செய்ய வேண்டியது எளிது: முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவிச் சில நிமிடம் விட்டு, அது கரைத்துக் கொடுப்பதைத் துடையுங்கள். கடைசியாக சோப்பும் வெதுவெதுப்பான நீரும். சிவக்கும் அளவுக்கு நார் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

“வாடை போயிடுச்சு, இனி பயமில்லை” என்பது அடுத்தது. பென்சீன், டொலுவீன் போன்ற லேசான பொருள்கள் முதல் சில நாட்களிலேயே பெருமளவு ஆவியாகின்றன. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கண் எரிச்சல் எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான். எனவே கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் அந்த நாட்களிலேயே வேறிடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நிவாரணப் பொருள் வரட்டும் என்று காத்திருப்பது வீண். மூக்கில் கட்டும் துண்டும் சாதாரண முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள கவசம்தான் தடுக்கும். வாடை போன பிறகு மிஞ்சுவது கனமான பகுதி. அது சேற்றிலும் மணலிலும் மாதக்கணக்கில் தங்கும். அதிலுள்ள வேதிப்பொருள்களில் சில புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை, சில நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கும் போகக் கூடியவை. குழந்தை தன் எடைக்குப் பெரியவரைவிட அதிகக் காற்றை இழுக்கிறது, மணலில் விளையாடிய கையை வாயில் வைக்கிறது. தென்கொரியாவின் தேயான் கடற்கரையில் 2007 டிசம்பரில் ஒரு கப்பலிலிருந்து பத்தாயிரம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. பிந்தைய ஆய்வுகளில், கசிவுக்கு அருகே வசித்த பிள்ளைகளிடம் தள்ளி வசித்தவர்களைவிட ஆஸ்துமா அதிகமாகவும் நுரையீரல் திறன் குறைவாகவும் இருந்தன.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதும் என்பதும் தவறுதான். கொதிக்கவைப்பது கிருமிக்கு வைத்தியம். எண்ணெயின் லேசான பகுதி ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், கனமானது பாத்திரத்திலேயே நிற்கும். நைஜீரியாவின் ஒகோனிலாந்தில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஓர் ஊர்க் கிணறுகளில் பென்சீன் உலக சுகாதார நிறுவன வரம்பைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. அப்படிப்பட்ட கிணற்றுக்கு லாரித் தண்ணீரைத் தவிர வீட்டில் மாற்று இல்லை.

குழந்தை எண்ணெயை விழுங்கிவிட்டால் தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. நேரே மருத்துவமனைதான். தாய்ப்பாலைப் பயந்துபோய் நிறுத்துவதும் வேண்டாம். மார்பில் எண்ணெய் பட்டிருந்தால் கழுவிவிட்டுக் கொடுக்கலாம்.

மீன் விஷயத்தில், எதையுமே தொடக் கூடாது என்பதும் கழுவிச் சமைத்தால் எதுவும் ஆகாது என்பதும் இரண்டுமே மிகைதான். மீனின் கல்லீரல் இந்த வேதிப்பொருள்களை ஓரளவு விரைவாகவே உடைத்து வெளியேற்றும். மட்டி, ஆளி போன்றவற்றுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு, அவற்றில் அது நெடுநாள் தங்கும். கசிந்த இடத்து மட்டியைக் கழுவினாலும் குழம்பு வைத்தாலும் அது போகாது.

கர்ப்ப காலம் மட்டும்தான் கவனிக்க வேண்டியது என்ற எண்ணத்தை நைஜீரிய ஆய்வு ஒன்று கலைத்தது. 2019-ல் வெளியான அந்த ஆய்வு, ஒரே தாயின் பிள்ளைகளையே ஒப்பிட்டது: கசிவுக்கு முன் கருவானவர்கள், பின் கருவானவர்கள். வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் கசிவு நடந்தபின் கருவான பிள்ளைகள் பிறந்த முதல் மாதத்திலேயே இறப்பது ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. ஆக, இன்னும் கருத்தரிக்காத பெண்ணும் இந்தக் கணக்கில் வர வேண்டியவள். அதற்காக அந்த ஊரில் வரும் ஒவ்வொரு காய்ச்சலையும் கருச்சிதைவையும் எண்ணெயின் தலையில் கட்டுவதும் சரியல்ல. வேறு காரணம் இருந்தால் அதற்கு வைத்தியம் தாமதமாகும், நாளை வழக்காடும்போதும் உண்மையான புகார் வலுவிழக்கும்.

1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் கொட்டிய எண்ணெய்க்குப் பிறகு, பாதிக்கப்பட்ட ஊர்களில் மனச்சோர்வும் பதற்றமும் கூடியிருந்தன. பெண்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மீன் விற்பனை நின்று, குழுக் கடன் தவணை மட்டும் நிற்காத வீட்டில் தூக்கம் வராததும் நோய்தான், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் கழித்து ரத்தத்தில் பென்சீன் தேடிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். அது சில நாட்களிலேயே உடம்பைவிட்டுப் போய்விடும், ‘இல்லை’ என்று வரும் முடிவு எதையும் நிரூபிக்காது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, பிள்ளையின் மூச்சுத்திறன், எடை ஆகியவற்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துவருவதே உதவும். ஒருநாள் முகாமில் கொடுக்கும் மாத்திரையோடு திரும்பிவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணி அட்டையிலும் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலும் எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் எண்ணெய் பட்டது, அப்போது எத்தனையாவது மாதம் என்று எழுதச் சொல்லுங்கள். செவிலியர் “அதுக்குக் கட்டம் இல்லைம்மா” என்றால், ஓரத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.