டாக்டர் மேல் நம்பிக்கை போனால் நாம் செய்கிற தவறுகள்

பெரியம்மாவுக்குச் சுகர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தடவை செக்கப்புக்குப் போனபோது ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சொன்னா கேக்க மாட்டீங்க, அப்புறம் எதுக்கு இங்க வர்றீங்க?" என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டார். பெரியம்மா பதில் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் எந்த டாக்டரிடமும் போகவில்லை, பழைய சீட்டைக் காட்டி மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் காலில் ஒரு புண் வந்தது. சுகர் பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும், அதனால் அந்தப் புண் வலிக்கவே இல்லை, வலிக்காததால் அவரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த டாக்டர் பேசியது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் தப்பு செய்தவர் ஒருவர், விரலை இழந்தவர் இன்னொருவர். இதை எழுதவே காரணம் அதுதான். ஒரு டாக்டர் மேல் நம்பிக்கை போய்விட்டால் நாம் நிறுத்த வேண்டியது அவரிடம் போவதை மட்டும், வைத்தியத்தை இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. டாக்டரை மாற்றுவதாக இருந்தால் அடுத்தவர் யார், என்றைக்குப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், ரிப்போர்ட், ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றின் நகலையும் கையோடு எடுத்துப் போங்கள். "அப்புறம் வேற யாரையாவது பார்ப்போம்" என்று தேதி வைக்காமல் விட்டால் அந்த அப்புறம் வருவதே இல்லை.

அடுத்தது, வீட்டில் இருக்கிறவர்களும் மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறவர்களும் செய்கிற தவறு. ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால் உடனே அதை அறியாமை என்று முத்திரை குத்திவிடுகிறோம். பல நேரம் அது அறியாமை இல்லை, அனுபவம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கிகியில் 1932-இல் அரசு சுகாதாரத் துறையே ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட சுமார் 600 கறுப்பின ஆண்களில் 399 பேருக்கு, உடலுறவு மூலம் பரவுகிற சிபிலிஸ் நோய் இருந்தது. அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லாமல், ஏதோ கெட்ட ரத்தம், அதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லி, நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1940-களிலேயே அந்த நோயைக் குணப்படுத்துகிற பென்சிலின் கைக்கு வந்துவிட்டது, அப்போதும் கொடுக்கவில்லை. 1972-இல் செய்தி வெளியான பிறகுதான் நிறுத்தினார்கள், ஓர் அமெரிக்க அதிபர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க 1997 வரை ஆனது. இந்த விஷயம் வெளியே வந்த பிறகு வயதான கறுப்பின ஆண்கள் மருத்துவர்களிடம் போவது குறைந்தது என்றும், 45 வயதில் இருந்தவர்களின் சராசரி ஆயுள் ஒன்றரை வருஷம் வரை குறைந்திருக்கலாம் என்றும் 2018-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஏமாற்றப்பட்டவர்கள் சில நூறு பேர், பயந்து ஒதுங்கியவர்கள் டஸ்கிகி ஆய்வைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள்.

மத்திய ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். 1921-இலிருந்து 1956 வரை பிரெஞ்சுக் காலனி ராணுவ மருத்துவர்கள், ஒருவகை ஈ கடித்துப் பரவுகிற தூக்க நோயை ஒழிக்கிறோம் என்று ஊர் ஊராகப் போய், கட்டாயப்படுத்திப் பரிசோதித்து ஊசி போட்டார்கள். அதில் ஒரு மருந்து சிலரின் பார்வையையே பறித்தது. அந்தக் குழுக்கள் அதிகம் போன பகுதிகளில் இன்றைக்கும், பேரப்பிள்ளைகள் காலத்திலும், இலவச ரத்தப் பரிசோதனையைக்கூட மறுக்கிறவர்கள் அதிகம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே வர மறுக்கிறவரிடம் "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பிக்காதீர்கள். "முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள், பதில் வரும்.

சரி, நம்பிக்கை குறைவாக இருந்தும் போய்விட்டோம் என்று வையுங்கள். அங்கே போய்ப் பாதியை மறைப்பது அடுத்த தவறு, இதைச் செய்யாதவர்களே குறைவு. 2018-இல் அமெரிக்காவில் 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டதில், குழுவைப் பொறுத்து 60 முதல் 80 சதவீதம் பேர் டாக்டரிடம் எதையோ ஒன்றை மறைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். காரணம்? திட்டுவாரோ, உபதேசம் பண்ணுவாரோ, நம்மைப் பற்றித் தப்பாக நினைப்பாரோ என்ற பயம். எனக்கு அந்தப் பயம் நன்றாகவே புரிகிறது. ஆனால் நடக்கிற விஷயத்தைப் பாருங்கள். பிரஷர் மாத்திரையை நீங்கள் பாதி நாள் போடவில்லை, "போட்டேன் டாக்டர்" என்று சொல்லிவிடுகிறீர்கள். அளந்து பார்த்தால் பிரஷர் ஏறியிருக்கிறது. போட்டும் குறையவில்லையே என்று அவர் டோஸைக் கூட்டுகிறார், இன்னொரு மாத்திரையும் சேர்க்கிறார். ஒருநாள் நீங்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட ஆரம்பிக்கிறீர்கள், பிரஷர் சடாரென்று இறங்கித் தலைசுற்றிக் கீழே விழுகிறீர்கள். டாக்டர் கணக்கில் தப்பே இல்லை, அவர் கையில் இருந்த தகவல்தான் தப்பு. குடிப்பழக்கம், வேறு இடத்தில் வாங்கிச் சாப்பிடுகிற மருந்து, மூலிகைப் பொடி எல்லாமே இப்படித்தான், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மறைப்பு ரொம்பவே ஆபத்து.

இதற்குப் பக்கத்து வீடு மாதிரி இருப்பது, சத்தமில்லாமல் மருந்தை நிறுத்துவது. நீண்டகால நோய்களுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களில், வசதியான நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். ஒரு வகைப் பிரஷர் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும், இது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், சொன்னால் வேறு வகைக்கு மாற்றிவிடுவார்கள். சொல்லாமல் நிறுத்தினால் இருமல் போகும், பிரஷர் இருக்கும். ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து மாதிரியானவற்றைத் திடீரென நிறுத்துவதே தனி ஆபத்து.

இவ்வளவு சொன்னதால் டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கண்மூடித்தனமான நம்பிக்கையும் தவறுதான். டாக்டரைக் கடவுளாக நினைத்து ஒரு கேள்வியும் கேட்காமல் வருகிறவர்தான், ஒரு சிகிச்சை சரிப்படாமல் போனதும் ஒரே நாளில் எல்லா டாக்டரையும் திருடன் என்கிறார். கேள்வி கேட்டால் அவமரியாதை ஆகாது. இது என்ன நோயாக இருக்கும், வேறு எதுவாகவும் இருக்கலாமா, இந்த டெஸ்ட் முடிவை வைத்து வைத்தியம் மாறுமா, கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும், என்ன நடந்தால் நான் உடனே ஓடிவரணும். இதில் கடைசிக் கேள்வியை மட்டுமாவது கேட்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள். அறுவை சிகிச்சை மாதிரி பெரிய முடிவு என்றால் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேளுங்கள், நல்ல டாக்டர் அதற்குக் கோபப்படமாட்டார். ஆனால் நமக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை ஏழெட்டு டாக்டர் ஏறி இறங்குவது வேறு விஷயம், அதற்குள் நோய் முற்றிவிடும்.

பேச நேரம் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். 1984-இல் நடந்த பிரபலமான ஆய்வு ஒன்றில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர்கள் குறுக்கிட்டார்கள், பிற்பாடு வந்த ஆய்வுகளிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அதனால் முக்கியமானதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். கதவுப் பக்கம் போய்த் திரும்பி நின்று "அப்புறம் டாக்டர், மார்ல ஒரு கட்டி மாதிரி..." என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அந்த வார்த்தை முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நல்ல டாக்டரை அடையாளம் காண்பதிலும் சறுக்குகிறோம். ஊசி போட்டால் நல்ல டாக்டர், நிறைய மாத்திரை எழுதினால் கவனிப்பானவர், "ஒண்ணும் வேண்டாம், தானா சரியாகும்" என்றால் ஒன்றும் தெரியாதவர். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, கேட்டும் கொடுக்காதவர்தான் உங்களுக்கு நல்லது செய்தவர். "இப்போ உறுதியாச் சொல்ல முடியல, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்று ஒரு டாக்டர் சொன்னால் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடும்.

நம்பிக்கை இருந்தாலே நோய் குணமாகிவிடுமா என்றால், அப்படியும் இல்லை. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த ஓர் அலசல், டாக்டரை நம்புகிறவர்கள் அதிகத் திருப்தியோடும் நல்ல உடல்நலப் பழக்கங்களோடும் இருக்கிறார்கள், தொந்தரவுகளும் குறைவாக இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றது, ஆனால் அளந்து பார்க்கக்கூடிய மருத்துவ முடிவுகளில் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. நம்பிக்கை நம்மை வாசல்வரை கூட்டிப்போகும், உண்மையைப் பேசவைக்கும், மிச்ச வேலை மருந்துக்கும் கத்திக்கும்தான்.

அவசரத்தில் மட்டும் இந்த யோசனை எதுவும் வேண்டாம். நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, முகம் ஒருபக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் பிடித்த டாக்டர் எப்போது வருவார் என்று விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள், இதற்கு வைத்தியம் பார்க்கிற வசதி உள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குள்ளும் சீக்கிரம் போட்டால்தான் பலன் அதிகம்.

பெரியம்மா இப்போது வேறொரு டாக்டரைப் பார்க்கிறார். போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். உட்கார்ந்ததுமே நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "போன வாரம் மூணு நாள் மாத்திரை போடல, வயிறு சரியில்ல" என்றார். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு, "எந்த மாத்திரை போட்டப்புறம் வயிறு அப்படி ஆச்சு?" என்று கேட்டார்.