பழைய டிரக்கில் எஞ்சின் மாற்றம்: எரிபொருள் குழாயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டிரக்கின் கார்புரேட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினை ஏற்றுபவர்களில் பலர், மவுண்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் வயரிங்குக்கும் தரும் கவனத்தில் பாதியைக்கூட எரிபொருள் குழாய்க்குத் தருவதில்லை. டேங்க் இருக்கிறது, சேஸியை ஒட்டி ஓடும் குழாயும் இருக்கிறது, முனையில் ஒரு துண்டு ஹோஸைச் சேர்த்தால் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் பின்னால் வரும் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர். பழைய எஞ்சினின் மெக்கானிக்கல் பம்ப் ஏறக்குறைய 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தையே தந்தது. ஒவ்வொரு சிலிண்டரின் உள்வழியிலும் தனித்தனியாக எரிபொருளைப் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் பெரும்பாலானவை 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை கேட்கும். முன்பு இணைப்பு தளர்ந்தால் பெட்ரோல் சொட்டும். இப்போது அதே இடத்திலிருந்து மெல்லிய புகைபோலப் பீய்ச்சி, சூடான எக்ஸாஸ்ட் மீது படியும். ஆகவே, எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், புதிய எஞ்சினுக்கு எவ்வளவு அழுத்தம் தேவை, அதில் ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய எரிபொருளை டேங்குக்கே திருப்பும் குழாய்) உண்டா என்னும் இரண்டையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அளவு பொருந்துகிறது என்பதற்காகக் கையில் கிடைத்த ரப்பர் ஹோஸைச் செருகுவது மிகப் பரவலான தவறு. ஹோஸின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். 30ஆர்7 என்றிருந்தால் அது கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்த ஹோஸ். இன்ஜெக்‌ஷனுக்கு 30ஆர்9 தேவை. டேங்குக்குள் எரிபொருளில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு இவை இரண்டுமே ஆகா. வெளிப்புற ரப்பர் ஊறிக் கெட்டுவிடும் என்பதால் அங்கே 30ஆர்10 மட்டுமே தாங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்து அரிப்பதால், வெளியே நன்றாகத் தோன்றும் பழைய ஹோஸையும் நம்பக் கூடாது.

கிளாம்பும் அப்படித்தான். துளைகள் வெட்டிய சாதாரண ஸ்குரூ கிளாம்பை இறுக்கும்போது ரப்பர் அந்தத் துளைகளின் வழியே பிதுங்குவதைக் கண்ணாலேயே காணலாம். துளையின் கூரிய ஓரம் அதை மெல்ல மெல்ல அறுக்கும். விளிம்பு மடித்த, துளையில்லாத இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் சுற்றிலும் சமமாக அழுத்தும். குழாயை வெட்டிய வெறும் முனையில் ஹோஸை ஏற்றுவதும் ஆபத்து. முனையில் வளையம்போல் ஒரு புடைப்பு இருந்தால்தான் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் வழுகி வெளிவராது.

குழாய் முனையைப் புனல்போல் விரித்து இறுக்கும் ஃபிளேர் இணைப்பில் ஏமாறுவது எளிது. விமானத் துறையிலிருந்து வந்த ஏ.என். ஃபிட்டிங்கின் கோணம் 37 பாகை. வாகனங்களில் வழக்கமாகக் காணப்படும் ஃபிளேரின் கோணம் 45 பாகை. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் பிடித்துக்கொண்டதுபோல் தோன்றும், ஆனால் கோடுபோன்ற ஒரு மெல்லிய ஓரம் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். கசிவதைக் கண்டு டெஃப்லான் டேப் சுற்றுவது இன்னொரு தவறு. ஃபிளேரில் கசிவை அடைப்பது மரை அல்ல, மேலும் டேப்பின் நார் பிய்ந்து சென்று இன்ஜெக்டரை அடைக்கக்கூடும். வளைக்க எளிது என்று செம்புக் குழாயைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அதிர்வில் செம்பு இறுகி வெடிப்பு விடும். எஃகு அல்லது செம்பு-நிக்கல் கலப்புக் குழாயே ஏற்றது.

டேங்குப் பக்கம்தான் வேலை மிகுதி. பழைய பம்ப் முன்னால் நின்று உறிஞ்சிய பழக்கத்தில், மின்சார பம்பையும் எஞ்சின் அருகிலேயே பொருத்துகிறார்கள். உயர் அழுத்த பம்ப் நன்றாகத் தள்ளும். உறிஞ்சுவதில் அதற்குத் திறன் குறைவு. நீண்ட குழாய் வழியே இழுக்கும்போது எரிபொருள் ஆவியாகி, வெயில் நேரத்தில் எஞ்சின் திணறும். பம்ப் டேங்குக்குள் இருப்பது மேல். இயலாவிட்டால் டேங்கை ஒட்டி, அதன் அடிமட்டத்துக்கு இணையாக இருக்கட்டும். பழைய டேங்கின் உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லையென்றால் வளைவில் எரிபொருள் ஒருபுறம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுக்கும். எரிபொருளே பம்பைக் குளிர்விப்பதால், இது எஞ்சின் இருமுவதோடு நிற்காமல் பம்பின் ஆயுளையும் தின்றுவிடும். தடுப்புள்ள டேங்குக்கோ பம்புக்கு எப்போதும் எரிபொருள் கிடைக்கச் செய்யும் சிறு சர்ஜ் டேங்குக்கோ செலவிடுவது வீணல்ல என்பது என் உறுதியான கருத்து. பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் அளவிலான பருவட்டான வடிகட்டியும், பின்னால் 10 மைக்ரான் அளவிலான நுண்வடிகட்டியும் வைப்பது வழக்கம். நுண்வடிகட்டியை முன்னால் வைத்தால் பம்பின் மூச்சு அடைபடும்.

ரிட்டர்ன் லைன் குறுகலாக இருந்தால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எவ்வளவு முயன்றாலும் அழுத்தம் இறங்காது. டேங்கின் ஆவியைக் கொண்டுசெல்லும் பழைய குழாயை ரிட்டர்னாக மாற்றுபவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். எஞ்சினில் ரிட்டர்ன் இல்லையென்றால், டேங்கின் அருகே ரெகுலேட்டருடன் கூடிய வடிகட்டியைப் பொருத்தி, அங்கிருந்தே குறுகிய தூரத்தில் திருப்பிவிடலாம். டேங்கின் காற்றுப் போக்கியை அடைத்துவிடக் கூடாது. டீசலுக்கு மாறுபவர்கள் துத்தநாகப் பூச்சுள்ள குழாயைத் தவிர்க்க வேண்டும். டீசல் அந்தப் பூச்சைக் கரைக்கும்.

எஞ்சின் மவுண்டில் ஆடும், சேஸி ஆடாது. எனவே இரண்டுக்கும் நடுவே வளையக்கூடிய ஹோஸ் அவசியம். துளை வழியே செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள், எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். பம்பின் மின்சாரத்தைச் சாவியிலிருந்து நேராக எடுக்காமல், எஞ்சின் நின்றதும் துண்டிக்கும் ரிலே வழியாகவும் மோதலில் துண்டிக்கும் சுவிட்ச் வழியாகவும் கொண்டுபோக வேண்டும்.

எஞ்சினை இயக்கிக் கசிவைத் தேடுவது கடைசித் தவறு. பம்பை மட்டும் ஓடவிட்டு, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள்; தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கசிந்தால், அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே கழற்ற வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பின், எஞ்சின் முழுவதும் ஆறியதும், கிளாம்புகளை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். சூட்டில் புதிய ரப்பர் சற்று அமுங்கிப் பிடி தளர்ந்திருக்கக்கூடும்.