விதைநெல்லுக்கு ஒரு முட்டை: அப்பா சொல்லித் தந்தது

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் என்று சேதி வந்தாலே அப்பா முதலில் தேடுவது புதிதாக இட்ட ஒரு கோழிமுட்டையை. குறுவைக்கு விதைநெல் தேர்வு செய்ய அவருக்கு அதுதான் தராசு.

10 லிட்டர் தண்ணீரில் முட்டையைப் போட்டால் அடியில் போய்ப் படுக்கும். கல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். ஏறக்குறைய ஒன்றரை கிலோ பிடிக்கும். முட்டை மெல்ல நிமிர்ந்து மேலே வந்து, பழைய நாலணா அளவுக்குத் தலை காட்டியதும் நிறுத்திவிடுங்கள். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டி, கையால் ஒரு சுற்றுக் கலக்குங்கள். மிதப்பது பதரும் பாதி முற்றிய நெல்மணியும், அள்ளிவிடுங்கள். மூழ்கியதுதான் விதை. நாற்று ஒரே சீராக, வாளிப்பாக வரும்.

நான் முதல் தடவை செய்தபோது அவசரத்தில் விதையை உப்புப் போக ஒருமுறை மட்டும் அலசினேன். பாதி முளைக்கவில்லை. அப்பா திட்டவில்லை, மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் காட்டினார். வேலையில் எனக்கு இருக்கும் பொறுமை முழுக்க அவர் கொடுத்தது.

இன்றைக்கும் கடைசித் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஊறவைப்பார். மருந்து கலந்த கடை விதையாக இருந்தால் மட்டும் நாக்கில் வைக்காதீர்கள். மிச்ச உப்புத்தண்ணீரை வயலில் ஊற்றவேண்டாம்.