ஒடிசி வரிசையைத் தரப்படுத்துவது எப்படி

பிடித்தமான அறிவியல் புனைகதை வரிசை ஒன்றைத் தரப்படுத்தப் புறப்படும் பெரும்பாலானோர், ஒரு கொப்பியை எடுத்து இலக்கமிட்டு, நினைவில் இருக்கும் தலைப்புகளை மேலிருந்து கீழாக எழுதி முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 1956 இல் இந்தத் தீவுக்கு வந்து, 2008 மார்ச் 19 அன்று கொழும்பிலேயே காலமாகி, பொரளை கனத்தையில் அடக்கம் செய்யப்பட்ட ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் ஒடிசி வரிசையை நான் எடுத்துக்கொண்டேன். வெள்ளவத்தைத் தேநீர்க் கடை ஒன்றில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான நண்பர் ஒருவரிடம் பட்டியலைக் காட்டி, முதல் நாவலான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' முதலிடம் பெற்றதற்குக் காரணமாக, விண்வெளி வீரர் டேவிட் போமன் தன்னந்தனியாக வியாழனைச் சென்றடையும் இறுதிப் பகுதியின் அழகை விவரித்துக்கொண்டிருந்தேன். அவர் பிளேன்டீக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பையிலிருந்த நாவலை எடுத்து விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். அங்கே வியாழன் இல்லை. சனிக்கிரகத்தின் சந்திரன்களில் ஒன்றான ஐயாப்பெட்டஸ் இருந்தது. "தம்பி, நீர் இவ்வளவு நேரமும் சொன்னது படத்தைப் பற்றி. புத்தகத்தைப் பற்றி இன்னும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. 1968 இல் வெளிவந்த '2001' திரைப்படமும் அதே ஆண்டில் வெளிவந்த நாவலும் அருகருகே உருவானவை. ஆயினும் படத்தில் பயணம் வியாழனோடு முடிகிறது, நாவலிலோ விண்கலம் வியாழனின் ஈர்ப்பைப் பயன்படுத்தி வேகமெடுத்துச் சனியை நோக்கிப் போகிறது. அடுத்த நாவலை எழுதியபோது கிளார்க்கே படத்தின் வழியைப் பின்பற்றி வியாழனுக்குத் திரும்பிவிட்டார் என்பதால், குழம்பியவன் நான் மட்டுமல்லன் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் தரப்படுத்த முனைகிறவருக்கு அந்த ஆறுதல் உதவாது. மீண்டும் வாசிக்காத நூலுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதே முதல் விதி. நினைவில் இருப்பது நூல்தானா, படமா, பதினாறு வயதில் அதை வாசித்த மழைக்காலமா என்பதை வாசிக்காமல் பிரித்தறிய முடியாது.

வாசிக்கத் தொடங்குமுன் வரிசையின் எல்லையை முடிவு செய்ய வேண்டும். நாவல்கள் நான்கு என்பதில் சர்ச்சை இல்லை: '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968), '2010: ஒடிசி டூ' (1982), '2061: ஒடிசி த்ரீ' (1987), '3001: த ஃபைனல் ஒடிசி' (1997). சிறுகதைகளில்தான் சிக்கல். சந்திரனில் வேற்றுலகத்தார் விட்டுச்சென்ற காவற்பொருளைப் பற்றிய 'த சென்டினல்' கதையை, முழு வரிசைக்கும் விதை என்பதால், விட்டுவிட முடியாது. ஆதி மனிதனைச் சந்திக்கும் விண்வெளிப் பயணிகளைப் பற்றிய 'என்கவுன்டர் இன் த டோன்' (1953), முதல் நாவலின் ஆதிகாலப் பகுதிக்கு உறவான கதை என்பதால் அதையும் சேர்த்துக்கொண்டேன். 1972 இல் வெளிவந்த 'த லாஸ்ட் வேர்ல்ட்ஸ் ஒஃப் 2001' என்ற நூலைச் சேர்க்கவில்லை. கைவிடப்பட்ட வரைவுகளும் நாட்குறிப்புகளும் கலந்த அந்த நூல் ஓர் எழுத்தாளரின் பட்டறை, அதைக் கதையோடு நிறுத்துப் பார்ப்பது முறையன்று. நீங்கள் வேறு விதமாக முடிவு செய்யலாம். ஆனால் அந்த முடிவை வாசிப்புக்கு முன்னரே எழுதி வைத்துவிடுங்கள், ஏனெனில் பின்னர் பிடிக்காத ஒன்றை எல்லைக்கு வெளியே தள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும்.

பிரதிகளைத் தேடுவது கொழும்பில் பெரிய வேலையல்ல. மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையோரம் உள்ள பழைய புத்தகக் கடைகளில், எண்பதுகளில் அச்சான மெல்லட்டைப் பதிப்புகளைத் தேடிப் பார்க்கலாம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியும் உதவக்கூடும். பழைய பிரதியை வாங்கும்போது முன்னும் பின்னும் உள்ள ஆசிரியர் குறிப்புகள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு நூல்களையும் ஒரே நேர்கோட்டுத் தொடராகக் கொள்ளாமல், ஒரே கருப்பொருளின் வெவ்வேறு வடிவங்களாகக் கொள்ள வேண்டும் என்று கிளார்க் சொல்வது அத்தகைய குறிப்புகளில்தான். அதை வாசிக்காதவர்கள் நூல்களுக்கிடையிலான முரண்பாடுகளை எண்ணிப் புள்ளி குறைத்துக்கொண்டே போவார்கள். இரண்டாவது நாவலின் குறிப்பில் இன்னொரு சுவையான தகவலும் உண்டு: கொழும்பில் கணினியில் எழுதப்பட்ட அந்த நாவல் ஒரேயொரு ஐந்து அங்குல வட்டில் நியூயோர்க்குக்கு அனுப்பப்பட்டது, கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையத்தின் ஊடாகப் போயின. செய்மதித் தொடர்பை 1945 இலேயே முன்மொழிந்த மனிதர் தன் நாவலின் திருத்தங்களை அதே வழியில் அனுப்பியதை வாசித்தபோது எனக்கு அந்த நூலின் மீது பாசம் கூடியது என்பதையும், அந்தப் பாசத்தைத் தரவரிசைக்குள் வரவிடாமல் தடுக்கப் பாடுபட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது அளவுகோல். "எது சிறந்தது" என்ற கேள்வி தரப்படுத்துவதற்கு உதவாது, ஏனெனில் அது ஒவ்வொரு நூலின் முன்னாலும் வேறு கேள்வியாக மாறிவிடும். விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். என் கேள்வி இது: அடுத்த ஆண்டு இவற்றில் ஒன்றை மட்டுமே மீண்டும் வாசிக்கலாம் என்றால் எதை எடுப்பேன்? நண்பரின் கேள்வி வேறு: இவரை அறியாத ஒரு மாணவனிடம் முதலில் எதைக் கொடுப்பேன்? இரண்டு கேள்விகளும் நேர்மையானவை. இரண்டின் விடைகளும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

மறுவாசிப்பை வெளிவந்த ஒழுங்கில் செய்ய வேண்டாம் என்பது என் பரிந்துரை. முதல் நூலின் வியப்பு அடுத்தடுத்த நூல்களின் மீது நிழலாக விழும். நினைவில் மிகத் தாழ்ந்து கிடக்கும் நூலிலிருந்து தொடங்குங்கள். நான் '3001' இலிருந்து தொடங்கினேன். முதல் நாவலில் விண்வெளியில் எறியப்பட்ட, போமனின் சக வீரரான பிராங்க் பூலின் உடல், ஆயிரம் ஆண்டுகள் கழித்து, வால்வெள்ளிகளின் பனிக்கட்டியைச் சேகரிக்கும் கலமொன்றினால் கண்டெடுக்கப்பட்டு உயிர்ப்பிக்கப்படும் தொடக்கம், நான் நினைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் அதன் பிறகு பூல் புதிய உலகைச் சுற்றிப் பார்க்கிறார், சுற்றிப் பார்க்கிறார், மேலும் சுற்றிப் பார்க்கிறார். பாதி நூல் வழிகாட்டியோடு போகும் சுற்றுலாவாகிவிடுகிறது. '2061' இலும் இதுபோன்ற கலவைதான். ஹேலி வால்வெள்ளியில் தரையிறங்கும் அத்தியாயங்களுக்காகவும், தாழ்ந்த ஈர்ப்பில் வாழ்ந்ததால் நூறு வயதைக் கடந்தும் திடமாக நடமாடும் விஞ்ஞானி ஹேவுட் ஃபிளொய்டுக்காகவும் அதை எடுத்து வாசிக்கலாம். கலத்தைக் கடத்தும் சதி அவசரத்தில் எழுதியதாகவே எனக்குப் படுகிறது.

வாசிக்கும்போது குறிப்பு எடுக்கும் முறை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நூல் முழுவதற்கும் புள்ளி போடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு நூலிலிருந்தும் ஒரேயொரு காட்சியைத் தேர்ந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். '2010' இல் நான் தேர்ந்தது வியாழனின் சந்திரனான யூரோப்பாவில் தரையிறங்கிய சீனக் கலத்தின் முடிவு. பனிக்கட்டியின் வெடிப்பிலிருந்து செடி போன்ற உயிரொன்று வெளிச்சத்தை நாடி மிக மெதுவாக ஊர்ந்து வருகிறது. கலத்தின் விளக்குகளே அதை ஈர்த்தன என்பது தாமதமாகத்தான் புரிகிறது. கலம் அதன் பாரத்தில் நொறுங்கிப் போகிறது. எஞ்சிய பேராசிரியர் சாங், தன் குரல் எவருக்கேனும் கேட்கிறதா என்று தெரியாமலேயே, விண்ணுடையின் வானொலியில் தான் கண்டதை ஒரு விஞ்ஞானியின் ஒழுங்கோடு அறிக்கையிடுகிறார். முடிவில், அந்த உயிருக்குத் தன் பெயரை வைக்கும்படியும், தங்கள் எலும்புகளைச் சீனாவுக்குக் கொண்டுபோகும்படியும் கேட்கிறார். அச்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் அச்சம் உண்டாகிறது. இந்த நாவலை வைத்து 1984 இல் வந்த படத்தில் இந்தப் பகுதியே இல்லை. ஆகவே அது நினைவில் இருந்தால் நீங்கள் நூலைத்தான் வாசித்திருக்கிறீர்கள் என்று நம்பலாம். அதே நாவலில், போமனின் கலத்தை இயக்கிய ஹால் கணினியை உருவாக்கிய சந்திராவின் முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்று வருவதைப் படத்தை மட்டும் பார்த்தவர்கள் அறிய வாய்ப்பில்லை. அந்தப் பெயரைக் கண்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியையும் குறித்து வைத்தேன். அதற்குப் புள்ளி கொடுக்கவில்லை.

அறிவியலை நிறுக்கும்போது, எழுதிய நாளில் எதை அறிந்திருக்க முடியும் என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். '2010' இன் யூரோப்பா உயிர்ப்புடன் தெரிவதற்கு, 1979 இல் வொயேஜர் கலங்கள் வியாழனின் சந்திரன்களைப் படம்பிடித்து அனுப்பியது ஒரு காரணம். '2061' இன் வால்வெள்ளிக்கு 1986 இல் ஜியோட்டோ கலம் ஹேலியின் கருவை அருகில் சென்று பார்த்தது துணை செய்தது. 1968 இல் எழுதியவருக்கு அந்த வசதி இல்லை. அதேபோல் 1991 இல் கலைந்துபோன சோவியத் ஒன்றியம் 2010 ஆம் ஆண்டிலும் கலம் அனுப்புவதாக 1982 இல் எழுதியதைக் குறையாகக் கொள்வது சிறுபிள்ளைத்தனம்.

சிறுகதையை நாவலுக்கு எதிரே நிறுத்துவது நியாயமா என்று நண்பர் கேட்டார். பக்கங்களை எண்ணினால் நியாயமில்லை; முதலில் எழுதி வைத்த கேள்வியைக் கேட்டால் நியாயமே. 1948 இல் எழுதப்பட்டு 1951 இல் வெளிவந்த 'த சென்டினல்', காலை உணவுக்காகச் சட்டியில் சொசேஜ் பொரித்துக்கொண்டிருக்கும் ஒருவர், சந்திரனின் மலையுச்சியில் ஒரு மினுக்கத்தைக் காண்பதிலிருந்து தொடங்குகிறது. சட்டிக்கும் மலைக்கும் இடையிலான அந்தத் தூரத்திலேயே கதை முழுவதும் இருக்கிறது. சில பக்கங்களில் முடிந்தும்விடுகிறது. 'என்கவுன்டர் இன் த டோன்' அவ்வளவு இறுக்கமானதல்ல, அதன் பலம் பெரும்பாலும் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. ஒரு முறை அறிந்தபின் மறுவாசிப்பில் அந்தப் பலம் குறைகிறது.

இனி ஒப்பீடு. ஆறு படைப்புகளையும் ஒரேயடியாக அடுக்க முயலாமல், இரண்டிரண்டாக எதிரே வையுங்கள். ஆறுக்குப் பதினைந்து சோடிகள் வரும். ஒவ்வொரு தலைப்பையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, மேசையில் இரண்டை மட்டும் வைத்து, கேள்வியை வாய்விட்டுக் கேட்டு, வென்றதன் பின்புறத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒரு நாளில் ஐந்து சோடிகளுக்கு மேல் வேண்டாம். களைத்த மனம் பழைய அபிப்பிராயத்துக்கே திரும்பிவிடும். எல்லாம் முடிந்தபின் கோடுகளை எண்ணினால் வரிசை தானாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. '2001', 'த சென்டினல்' கதையை வென்றது. 'த சென்டினல்' '2010' ஐ வென்றது. '2010' '2001' ஐ வென்றது. மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வட்டமாக நின்றன.

வட்டம் வந்தால் அட்டைகளைக் குறை சொல்ல வேண்டாம். அளவுகோல் கைமாறியிருக்கிறது என்பதே அதன் பொருள். குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தபோது, முதற்சோடியில் நான் கருப்பொருளின் பிரமாண்டத்தையும், இரண்டாவதில் கட்டிறுக்கத்தையும், மூன்றாவதில் மனிதர்களையும் நிறுத்திருந்தது தெரிந்தது. மூன்று சோடிகளையும் மறுநாள் அதே ஒரு கேள்வியோடு மீண்டும் வைத்தேன். அடுத்த ஆண்டு வாசிக்க நான் எடுப்பது '2010'. அதன் பின் '2001', அதன் பின் 'த சென்டினல்'. நான்காவதாக 'என்கவுன்டர் இன் த டோன்', ஐந்தாவதாக '2061', ஆறாவதாக '3001'. நாவல் வரிசையின் கடைசி இரண்டும் பழைய சிறுகதைகள் இரண்டுக்கும் கீழே போய்விட்டன. இந்த வரிசையைக் கொப்பியில் எழுதித் திகதியும் இட்டேன்; திகதி இல்லாத தரவரிசையை அடுத்த வாசிப்போடு ஒப்பிட வழியில்லை.

பலர் சேர்ந்து தரப்படுத்துவதாயின், அவரவர் தனியாக முடித்த பிறகே பட்டியல்களைக் காட்ட வேண்டும். முதலில் பேசுபவரின் வரிசைதான் மற்றவர்களின் வரிசையாகிவிடும். பட்டியல்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. எங்கே அதிகமாக வேறுபடுகின்றன என்று பார்ப்பதே பயனுள்ளது. எனக்கும் நண்பருக்கும் இடையில் அப்படியொரு இடம் இருக்கிறது: நான் கடைசியில் வைத்த '3001' ஐ, மாணவனுக்குக் கொடுக்க ஏற்றது என்று அவர் மூன்றாவதாக வைத்திருக்கிறார். பூல் சுற்றிப் பார்க்கும் அந்த அத்தியாயங்களில்தான் ஒரு பிள்ளைக்குக் கேள்வி பிறக்கும் என்பது அவருடைய வாதம். என் அட்டையில் அதன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டு, அவருடைய பிரதியை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். ஓரங்களில் அவர் எழுதிய குறிப்புகளோடு சேர்த்து வாசிப்பதாக ஏற்பாடு.